வெளுத்ததெல்லாம் பால்

பீரோவின் கீழ்த்தட்டில், பழைய ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவருக்குள், 16 மாதம் ஒரு பொருளை ஒளித்து வைத்திருந்தேன். சிகரெட் பாக்கெட்டாக இருந்திருந்தால் வீட்டில் திட்டு விழும், அத்தோடு முடிந்துவிடும். இது தெரிந்தால் சிரிப்பார்கள். 15 கிராம் டியூப். ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு முகத்தில் பூசுகிற கிரீம். எனக்கு அப்போது வயது 29.

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். நைனாவுக்குத் துறைமுகத்தில் வேலை. 2011இல் உயர் நீதிமன்றம் சொல்லி நிறுத்தும்வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ராயபுரம் பக்கம் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டால் சாயங்காலம் சாம்பல் வேட்டியாக எடுக்கலாம். நைனா வேலை முடிந்து வந்ததும் நேராகக் குழாயடிக்குத்தான் போவார். பீர்க்கங்காய் நார், சிவப்பு சோப்பு. காதுமடலுக்குப் பின்னால், மூக்குக்குள், நகக்கண்ணில் என்று அரைமணி நேரம் தேய்ப்பார். அப்புறம் கழுத்தில் பவுடர், மீசைக்குத் தனிச் சீப்பு, சட்டைப் பையில் மடித்த கர்ச்சீப். இதற்குப் பெயர் அலங்காரம் என்று யாராவது சொன்னால் அடிக்க வந்திருப்பார். "ஆம்பள குளிக்கணும், மீச வாரணும், அவ்ளோதான். அதுக்கு மேல போனா அது பொம்பள வேல" என்பது அவர் கட்சி.

பவுடர் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் பவுடர் இரண்டு வகை. முகத்துக்கு ஒன்று, கேரம் போர்டுக்கு ஒன்று. போர்டில் போடுவது போரிக் பவுடர். அவசரத்துக்கு அதையே கழுத்தில் தட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

நானும் நைனாவின் பள்ளிக்கூடத்தில்தான் வளர்ந்தேன். பரு வந்த வயதில் பற்பசை தடவினேன். மூன்று நாள் எரிந்தது. உதடு வெடித்தால் அக்காவின் பாட்டிலிலிருந்து தேங்காய் எண்ணெயைத் திருடிப் பூசிக்கொண்டேன். யாரிடமும் கேட்டதில்லை. எங்கள் செட்டில் தோலைப் பற்றிக் கேள்வி கேட்கிறவனுக்குப் பட்டப்பெயர் வந்துவிடும், அது பையனுடைய கல்யாணப் பத்திரிகைவரை கூட வரும்.

2018 கடைசியில் அண்ணா நகரில் டிவி, ஃபிரிட்ஜ் விற்கிற ஒரு ஷோரூமில் சேல்ஸ் வேலை கிடைத்தது. முதல் வாரம் மேலாளர் கூப்பிட்டு, "எந்த ஏரியா?" என்றார். சொன்னேன். என் தலைமுடியைப் பார்த்தார். அந்தச் சமயத்தில்தான் 'புள்ளிங்கோ' என்ற வார்த்தை ஊரெல்லாம் பரவிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் என்பதை எங்கள் ஊர் வாய் சொல்கிற விதம் அது. கானாவில் பாசமாகப் புழங்கின சொல். பாலம் தாண்டி, வடசென்னைக்கு வெளியே போனதும் வசவாகிவிட்டது. ஓரத்தை ஒட்ட வழித்து உச்சியில் குவித்த முடி, அதில் கொஞ்சம் கலர், காலோடு ஒட்டின பேண்ட், இது மூன்றும் இருந்தால் திருடன் என்கிற மாதிரி பேசினார்கள். அதே முடியைக் கிரிக்கெட் ஆட்டக்காரர் வைத்தால் பத்திரிகையில் படம் போடுவார்கள். என் தலையில் கலர்கூட இல்லை, ஓரம் மட்டும் கொஞ்சம் குறைவு.

"கஸ்டமர் முன்னாடி நிக்கிற ஆள் பளிச்சுனு இருக்கணும்பா" என்றார் அவர்.

பளிச் என்றால் நம் ஊரில் சுத்தம் என்றும் பொருள், வெளுப்பு என்றும் பொருள். அவர் எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தெரு மெடிக்கலில் இருக்கிற அண்ணன் நைனாவின் சிநேகிதர். அதனால் இரண்டு தெரு தள்ளி, முகம் தெரியாத ஒரு கடைக்குப் போனேன். "மூஞ்சி கொஞ்சம் பளிச்சுனு ஆகறதுக்கு" என்று முடிக்கும் முன்பே டியூபை எடுத்து வைத்தார். சீட்டு கேட்கவில்லை, எத்தனை நாள் பூசலாம் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பின்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். எனக்குச் சீக்கிரம் நகர்ந்தால் போதும் என்று இருந்தது.

பத்தே நாளில் வேலை செய்தது. அதுதான் அதிலிருக்கிற பெரிய ஆபத்து. பரு தழும்பு மங்கியது, கன்னம் வழுவழுப்பாகியது, அத்தை வீட்டுக்குப் போனால் "கண்ணு, பொண்ணு பாக்கலாம் போல இருக்கே" என்றார்கள். வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே, கும்பெனிக்காரன் காலத்தில் ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்த தொழிலாளர்கள் இங்கே குடியிருந்ததால்தான். துணி வெளுத்த ஊரில் பிறந்துவிட்டு நான் தோலை வெளுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த டியூபில் என்ன இருந்தது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன் என்று மூன்று. முதலாவது நிறமி உண்டாவதைக் குறைக்கும். இரண்டாவது மேல்தோல் சீக்கிரம் உரிந்து புதுசாக வர வைக்கும். மூன்றாவது ஸ்டீராய்டு. மங்கு என்று சொல்கிற கரும்படலம் முகத்தில் வந்தால், டாக்டர் பார்த்து, சில வாரத்துக்கு மட்டும் எழுதித் தருகிற மருந்து இது. ஸ்டீராய்டு தோலுக்கடியில் இருக்கிற ரத்தக்குழாய்களைச் சுருக்கும், சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும், அதனால் முகம் வெளுத்தமாதிரி தெரியும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். 2018இல்தான் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற பட்டியலுக்குள் கொண்டுவந்தது. நான் வாங்கிய அதே வருஷம்.

ஒரு வருஷம் தாண்டியதும் கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி கோடுகள் தெரிய ஆரம்பித்தன. வெயிலில் பைக் ஓட்டினால் முகம் எரியும். இரண்டு நாள் பூசாமல் விட்டால் அரிப்பு, திரும்பப் பூசினால் அடங்கும். அதனால் கிரீம் நல்லது, வெயில்தான் கெட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். குடிக்கிறவனும் இப்படித்தான் கணக்குப் போடுவான் என்று இப்போது தோன்றுகிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. ஷோரூம் மூடியாச்சு, யார் பார்க்கப்போகிறார்கள் என்று கிரீமை விட்டேன். ஐந்தாவது நாள் முகம் கிளம்பியது. அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து வந்த மாதிரி ஒரே சிவப்பு, சீழ்ப் பரு, தண்ணீர் பட்டாலே எரிச்சல். மாஸ்க் போட வேண்டிய காலமாக இருந்தது என் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். மாஸ்க்குக்குள் வேர்த்து இன்னும் மோசமானது. நைனா ஒருநாள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை தூக்கி, "இன்னாடா மூஞ்சி இப்டி வெந்து கீது?" என்றார். வேர்க்குரு என்றேன்.

தளர்வு வந்ததும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோல் பிரிவு வெளிநோயாளி வரிசையில் நிற்கும்போதுதான் ஆச்சரியம். பாதிக்குமேல் ஆண்கள். காசிமேட்டிலிருந்து வந்த பையன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், கல்யாணம் நிச்சயமான ஒருத்தர். எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றோம். உள்ளே இருந்த டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்ததும், என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. "எந்த டியூப்?" என்றுதான் கேட்டார். "கூச்சப்படாம சொல்லுங்க. காலைலருந்து நீங்க எத்தனையாவது ஆளோ!"

ஒரேயடியாக நிறுத்தியதுதான் இப்படி வெடிக்கக் காரணம் என்றார். வீரியம் குறைந்த வேறு மருந்துக்கு மாற்றி, படிப்படியாக இறக்கி, கூடவே மாய்ஸ்சரைசர். வேறு எதையும் முகத்தில் போடக்கூடாது, கடலை மாவுகூடக் கூடாது. முகம் பழையபடிக்கு வர ஏழெட்டு மாதம் ஆனது. இரண்டு சிவப்புக் கோடுகள் மட்டும் மூக்கோரம் இன்னும் இருக்கின்றன.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிற பழக்கம் சொற்பம்தான். மெடிக்கலில் எந்தப் பூச்சு மருந்து வாங்கினாலும் டியூபின் பின்னால் இருக்கிற பொடி எழுத்தைப் படிப்பேன். 'சோன்' என்று முடிகிற பெயர், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் மாதிரி இருந்தால் அது ஸ்டீராய்டு. குளோபெட்டசால் என்று இருந்தால் அதைவிட வீரியம். டாக்டர் கொடுக்காமல் அது என் முகத்துக்கு வராது. ஏற்கனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருக்கிறவர் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே தூக்கிப்போட்டு வீரம் காட்ட வேண்டாம். டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது, பொறுமைதான் வேண்டும்.

காலையில் மிதமான ஃபேஸ்வாஷ், அதன்மேல் சன்ஸ்கிரீன். வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று சொல்கிற எஸ்.பி.எஃப். எண் 30 போதும், ஆனால் பூசுகிற அளவு முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும். பொட்டு வைப்பதுபோல் தடவினால் பாட்டிலில் போட்ட எண் உங்களுக்கு இல்லை. வெளியிலேயே நிற்கிற வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை திரும்பப் பூச வேண்டும். எண்ணெய் வடிகிற முகத்துக்கு ஜெல் வகை வாங்குங்கள், சென்னை வேர்வைக்கு அதுதான் தாங்கும். சன்ஸ்கிரீன் யாரையும் சிவப்பாக்காது. வெயிலில் கருத்துப்போகாமல், எரியாமல் பார்த்துக்கொள்ளும். நிறம் பிறந்தபடியே இருக்கட்டும்.

ஷேவிங் விஷயத்துக்கு வருகிறேன், இதில் நான் பட்டது தனிக்கதை. முகம் ஆறினபிறகு கோடுகளை மறைக்கத் தாடி விட்டேன், கழுத்தை மட்டும் ஒட்ட வழிப்பேன். மூன்று மாதத்தில் கழுத்து முழுக்கச் சின்னச் சின்னப் புடைப்பு. மழிக்கும்போதெல்லாம் ரத்தம். எங்கள் சலூன் அண்ணன்தான் கண்டுபிடித்தார். "தம்பி, உனுக்கு சுருள் முடி. ஒட்ட வழிச்சா, முளைக்கறது வளைஞ்சு தோலுக்குள்ளயே போவுது." அவர் சொன்னபடி செய்தேன். வெந்நீர்த் துணி இரண்டு நிமிடம், நுரை தாராளமாக, முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கமே கத்தி. கீழிருந்து மேலே எதிர்த்து வழிப்பதில்லை, தோலை இழுத்துப் பிடிப்பதில்லை. ஐந்து அடுக்கு பிளேடு விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், இந்த மாதிரி தோலுக்கு ஒற்றை பிளேடுதான் நல்லது. இன்னும் நல்லது டிரிம்மர், ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டினால் புடைப்பே வராது. கன்னம் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று யார் கேட்டது?

அவரிடமே கற்றது இன்னொன்று. சலூனில் உட்கார்ந்ததும் புது பிளேடை உறையிலிருந்து கண்முன்னால் உடைத்துப் போடச் சொல்ல வேண்டும். ரத்தம் ஒட்டின பிளேடால் மஞ்சள்காமாலை பி, சி வைரஸ்கள் பரவலாம். நல்ல கடைக்காரர் கோபிக்க மாட்டார், கேட்காமலே செய்வார். பிளேடை மாற்றிவிட்டு ஒரே படிகாரக் கல்லை எல்லார் கன்னத்திலும் தேய்க்கிற இடங்கள் இருக்கின்றன. அந்தக் கல்லை நான் வேண்டாம் என்றுவிடுவேன். துண்டும் என்னுடையது, பையில் மடித்து எடுத்துப்போவேன். முதல் தடவை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருமாதிரி பார்த்தார்கள். இப்போது அவர்களில் இரண்டு பேர் துண்டு கொண்டுவருகிறார்கள்.

சட்டைக்கு அதிகம் எழுத எனக்குத் தகுதி இல்லை. எம்.சி. ரோட்டில் பேரம் பேசி வாங்குகிறவன். ஆனால் இது மட்டும் சொல்லலாம். தோள்பட்டைத் தையல் தோளெலும்பு முடியும் இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நீளம், இடுப்பு, கை எல்லாவற்றையும் ஆல்ட்ரேஷன் கடையில் சரிசெய்துவிடலாம், தோளை மட்டும் சரிசெய்வது பெரும்பாடு. ஷோரூம் மேலாளர் சொன்ன அந்தப் பளிச், கடைசியில் இரண்டு பருத்திச் சட்டையைத் தோளுக்குச் சரியாக எடுத்து இஸ்திரி போட்டதும் வந்துவிட்டது. வேறொரு கடைக்கு மாறி ஃப்ளோர் சூப்பர்வைசராக இருக்கிறேன், அதே நிறத்தோடு.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது அக்கா மகன். வயது 17. பாக்ஸிங் பழகுகிறான். எங்கள் பக்கம் பாக்ஸிங்கும் கேரமும் ஃபுட்பாலும் தெருவுக்குத் தெரு உண்டு. பையன் நல்ல உடம்பு, பாக்ஸ் கட்டிங், மூச்சு விட முடியாத ஜீன்ஸ். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது சார்ஜர் தேடி அவன் அலமாரியைத் திறந்தேன். பழைய கையுறைக்குள் ஒரு டியூப் செருகியிருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து, கூடவே குளோபெட்டசால்.

அவனை மாடிக்குக் கூட்டிப்போனேன். ஐந்து நிமிடம் பேசவே இல்லை. அப்புறம் என் பீரோ கதையைச் சொன்னேன். ரேஷன் கார்டு கவர் என்றதும் சிரித்துவிட்டான். "தொடையில மாமா" என்றான். படர்தாமரை. ஆறு மாதமாக. வேர்த்த ஷார்ட்ஸோடு வீட்டுக்கு வந்து, அதன்மேலேயே ஜீன்ஸ் ஏற்றியிருக்கிறான். ஒரு சிநேகிதன் இந்த டியூபைச் சொல்லியிருக்கிறான். பூசினால் இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், விட்டால் இன்னும் கொஞ்சம் அகலமாக வரும். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், பூஞ்சைக்கு எதிராகத் தோல் காட்டுகிற எதிர்ப்பையும் சேர்த்து அடக்கிவிடும். அடியில் பூஞ்சை தாராளமாகப் பரவிக்கொண்டே போகும். அக்காவிடம் சொல்ல முடியாது, அவன் அப்பாவிடம் சொன்னால் "குளிடா ஒழுங்கா" என்பார். அவன் ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்துக்கொண்டிருந்தான் பாவம்.

சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே வர வேண்டாம், வெளியே நில் என்றான், நின்றேன். மாத்திரை, பூச்சு இரண்டும் கொடுத்து ஆறு வாரம் என்றிருக்கிறார்கள். படை மறைந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும். அவன் துணியைத் தனியாக, வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும், துண்டை யாரோடும் பங்கு போடக்கூடாது, வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களும் மருந்து எடுக்க வேண்டும். அப்போதுதான் அவன் அப்பா மெதுவாக, தனக்கும் இடுப்பில் இருக்கிறது என்று சொன்னார். எத்தனை நாளாக என்று அக்கா கேட்டதற்குப் பதில் வரவில்லை.

கடைசியாக டாக்டர் சொன்னதுதான் பையனுக்குப் பேரிடி. இறுக்கமான ஜீன்ஸ் கூடாது, வீட்டில் காற்றாடக் கைலி கட்டு.

"கைலியா? தாத்தா மாதிரியா?"

எம்.சி. ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். வழியில், மெட்ராஸ் என்ற பெயர் அமெரிக்காவில் கட்டம் போட்ட பருத்தித் துணிக்குப் பெயர், அங்கே காசுள்ளவர்கள் கோடைக்காலத்தில் அதில் சட்டை தைத்துப் போடுகிறார்கள் என்றேன். 1950களின் கடைசியில் அங்கே போன ஒரு ரகம் துவைக்கத் துவைக்கச் சாயம் ஓடும், அதைக் குறை என்று சொல்லாமல் 'சாயம் ஓடும் மெட்ராஸ்' என்று சொல்லியே விற்றார்கள் என்றும் சொன்னேன். நம்பாமல் செல்போனில் தேடிப் பார்த்தான். கடையில் அரைமணி நேரம் நின்றான். பச்சை வேண்டாம், அது தாத்தா கலர். நீலம் எல்லாரிடமும் இருக்கிறது. கடைசியில் கறுப்பில் சிவப்புக் கட்டம் போட்ட ஒன்றைப் பிரித்து, இடுப்பில் வைத்துக் கண்ணாடியில் பார்த்து, "இது கெத்தா கீதுல்ல மாமா?" என்றான்.

"முதல் ரெண்டு தபா தனியா தொவைப்பா, சாயம் போவும்" என்றார் கடைக்காரர்.

"எப்டியும் ஆறு வாரம் தனியாத்தாண்ணே தொவைக்கணும். படர்தாமரை" என்றான் பையன், சத்தமாகவே.

பில் போட்டுக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி, எந்த டாக்டர் என்று கேட்டார்.